மேலே போன சீஸ்

சாலோமே குண்டெர்ட்டை முதன்முதலில் சீஸ் என்று சொன்னவன், அவளைக் கட்டிக்கொண்டவன்தான். அதுவும் கல்யாணத்தன்றே சொன்னான்.

கிளாருஸ் பள்ளத்தாக்கில், ஆற்றோரம், ரூட்டி என்கிற ஊரில் பிறந்தவள் அவள். அப்பாவுக்குத் துணி ஆலையில் சாயம் போடுகிற வேலை. அவர் கை வாரத்துக்கொரு நிறத்தில் இருக்கும். படிப்பு முடிந்ததும் சாலோமே ரூட்டியின் ரொட்டிக்கடையில் வேலைக்கு நின்றாள். பேச்சு என்றால் அவளுக்குச் சாப்பாடு மாதிரி. ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றுவதற்குள் வாங்க வந்தவரின் மூட்டுவலி, மருமகள், மாட்டின் பிரசவம் எல்லாவற்றையும் கேட்டு, மூன்றுக்கும் வைத்தியம் சொல்லி அனுப்பிவிடுவாள். அவளிடம் வாயைத் திறக்காத ஒரே வாடிக்கையாளன் பால்ஸ். சனிக்கிழமைச் சந்தைக்கு மலைமேலிருக்கும் ஹோர்னெக்கிலிருந்து சீஸ் கொண்டுவருவான். வந்தால் ஒரு ரொட்டி வாங்குவான். அதை வாங்க அரை மணி நேரம் நிற்பான். இரண்டு வருடம் இப்படியே நின்றான். கடைசியில் பொறுமை போய், கட்டிக்கொள்ள உத்தேசம் உண்டா, இல்லை வெறுமனே ரொட்டிதானா என்று அவளே கேட்டாள். பால்ஸ் காது மடல் வரை சிவந்து, ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டு ஓடினான். அடுத்த சனிக்கிழமை மோதிரத்தோடு வந்தான்.

ஹோர்னெக் என்பது ரூட்டிக்கு நேர் மேலே, செங்குத்தான புல்வெளியில் ஒட்டிக்கொண்டிருக்கும் எட்டு வீடுகள். நடைபாதை உண்டு. நல்ல முழங்கால் உள்ளவருக்கே இரண்டு மணி நேரம் ஆகும். பனிக்காலத்தில் சரிவு விழுந்து பாதை மூடிவிடும். சாமான் போக வர ஒரு ரோப் பெட்டி இருந்தது. கம்பி வடத்தில் தொங்கும் மரப்பெட்டி, மேலே மோட்டார், கீழே ஒரு கொட்டகை, கொட்டகையில் ஒரு டெலிபோன். கீழேயிருந்து எதை ஏற்றினாலும் டெலிபோனைச் சுற்றி, என்ன வருகிறது என்று சொல்ல வேண்டும். மேலே இருப்பவர் மோட்டாரைப் போடுவார். பெட்டியின் பக்கவாட்டில் தகரப் பலகை ஒன்று உண்டு: ஆட்கள் ஏறக் கூடாது.

கல்யாணத்தன்று நல்ல மழை. மணப்பெண்ணின் வெள்ளைச் செருப்போடு அந்தப் பாதையில் நாலு அடிகூடப் போக முடியாது. பால்ஸ் யோசித்தான். முக்காடும் பூச்செண்டுமாக அவளைத் தூக்கிப் பெட்டிக்குள் உட்கார வைத்தான். டெலிபோனைச் சுற்றினான். என்ன வருகிறது என்று மேலேயிருந்து அவன் அப்பா கேட்டார். சுற்றி நிற்கிற மாமனார், மாமியார், மச்சினிகள் எல்லோர் முன்னாலும் ‘என் பெண்டாட்டி’ என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை.

“சீஸ்,” என்றான். “ஒரே ஒரு வட்டு.”

“எவ்வளவு நாள் பழசு?”

“இருபத்திமூணு வருஷம்.”

“சரி, அனுப்பு. பதமாத்தான் இருக்கும்,” என்றார் மேலேயிருந்த அப்பா. பெட்டி கிளம்பியது. சாலோமே வழி நெடுக மழையில் நனைந்துகொண்டே சிரித்தாள். அந்தச் சிரிப்பு கீழே கொட்டகை வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பெட்டியில் ஏறும் ஆள் எல்லோருக்கும் பெயர் சீஸ். எங்கள் பள்ளத்தாக்குக்காரர்கள் சட்டத்தை மதிப்பவர்கள். ரயில் இல்லாத தண்டவாளத்தைக்கூடச் சிவப்பு விளக்கு மாறாமல் கடக்க மாட்டார்கள். ஆகையால் சட்டத்தை மீறித்தான் ஆக வேண்டுமென்றால், அந்த மீறலுக்கு முதலில் ஒரு கௌரவமான பெயரை வைத்துவிடுவார்கள். மருத்துவச்சி போனால் அவசர சீஸ். பாதிரியார் போனால் பழைய சீஸ். சாலோமேயின் இரண்டு பெண்களும் இளஞ்சீஸாகவே இறங்கிப் பள்ளிக்கூடம் போய், இளஞ்சீஸாகவே வீடு திரும்பினார்கள். திருவிழாவுக்கு ஊதுகுழல் கோஷ்டி போனபோது ஆளுக்கொரு நடையாக ஏற்றினார்கள். பெரிய குழல்காரர் மட்டும் ‘ரெண்டு வட்டு’ என்று அறிவிக்கப்பட்டார். தேர்தல் வந்தால் வேட்பாளர்களும் மேலே போனார்கள். ஊருக்கே தெரியும், ஒருவரும் வாயைத் திறந்ததில்லை.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இலையெல்லாம் மஞ்சளாகிற பருவத்தில், சோதனை அதிகாரி ஒருவர் வடத்தைப் பார்க்க மேலே வந்திருந்தார். நல்ல சப்பாத்து, இளம் வயது; நடந்தே வந்திருந்தார். அவர் கண்ணெதிரிலேயே பெட்டி வந்து நின்றது. அதிலிருந்து சாலோமே இறங்கினாள், ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் குடையும் கேக் டப்பாவுமாக. கையும் களவுமாகப் பிடித்தவர், நீங்கள் யார் என்று மரியாதையாகத்தான் கேட்டார். பழக்கதோஷம். அவள் வாய் முந்திக்கொண்டது.

“சீஸ்,” என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு மாதத்தில் உத்தரவு வந்தது. இனி ஓர் ஆள் அந்தப் பெட்டியில் ஏறினாலும் மோட்டாருக்குப் பூட்டு. ஆட்கள் போக வேண்டுமென்றால் புது வடம், இரட்டை பிரேக், கதவு வைத்த பெட்டி எல்லாம் வேண்டும். எட்டு வீடும் சேர்ந்து ஆட்டுக்குட்டி வரை விற்றாலும் அந்தச் செலவைத் தாங்காது. மாநிலம்தான் பெரும்பங்கு போட வேண்டும்.

இதில் அடிபட்டது பால்ஸ். அவனுக்கு முந்தின வருடமே இடுப்பு போய்விட்டது. கோல் ஊன்றி மாட்டுக்கொட்டகை வரை போவான், வருவான். இரண்டு மணி நேரச் சரிவில் இறங்குவது நடவாத காரியம். உத்தரவு வந்த நாளிலிருந்து அவன் கீழே வரவே இல்லை. ஜுரம் வந்தால் டாக்டர் ஏற முடியாது, அவன் இறங்க முடியாது. பெண்கள் இருவரும் கலந்து பேசி, ரூட்டியில் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டார்கள். சன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தம். கேட்ட பால்ஸ் மூன்று நாள் பேசாமல் இருந்தான். அவன் பேசாமல் இருப்பது புதிதல்ல. இந்தத் தடவை சாப்பிடாமலும் இருந்தான். அதைப் பார்த்ததும் சாலோமேக்கு அழுகை வரவேண்டிய இடத்தில் கோபம் வந்துவிட்டது.

கோபம் வந்தவளுக்கு எங்கள் மாநிலத்தில் ஒரு வழி உண்டு. ஒரே ஓர் ஆள் கையெழுத்துப் போட்டு ஒரு கோரிக்கை கொடுத்தால் போதும். மே மாதம் முதல் ஞாயிறு அன்று கிளாருஸ் சதுக்கத்தில் மர வளையத்துக்குள் கூடுகிற மக்கள் சபை அதை எடுத்தாக வேண்டும். மந்திரி வீட்டுப் பிள்ளையும் வரலாம், மாடு மேய்ப்பவனும் வரலாம். பதினாறு வயது நிரம்பிய எவரும் வண்ண அட்டையைத் தூக்கி ஓட்டுப் போடலாம். சாலோமேயின் தோழி ரோசினா, ரூட்டிப் பள்ளிக்கூட டீச்சர். அவள்தான் கோரிக்கையை எழுத உதவினாள். அரசாங்கம் அதைச் சபைப் புத்தகத்தில் அச்சடித்து வீட்டுக்கு வீடு அனுப்பியது. அடியில் தன் சிபாரிசையும் போட்டிருந்தது: எட்டு வீட்டுக்கு இவ்வளவு செலவு கூடாது, நிராகரிக்கலாம்.

ரோசினா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி வைத்தாள். “நீ மேடை ஏறியே ஆகணும், சாலோமே. ஒருத்தரும் பேசக் கேக்கலேன்னா, அரசாங்கம் சொன்னதுதான் முடிவு. ஓட்டே எடுக்க மாட்டாங்க. வாய மூடிக்கிட்டு நின்னா, சரின்னு சொன்ன மாதிரி.”

வாயை மூடிக்கொண்டு நிற்பது தன் பிறவியிலேயே கிடையாது என்றாள் சாலோமே. ஆனால் ரோசினா நல்ல எழுத்து மொழியில் தயார் பண்ணிக் கொடுத்த பேச்சை ஆடுகள் முன்னால் நின்று ஒப்பித்துப் பார்த்தபோது நாலு வார்த்தைக்கு ஒரு தடவை தடுமாறினாள். ஆடுகள் முதல் பாரா முடிவதற்குள் நகர்ந்து போய்விட்டன.

அந்த ஞாயிறு வானம் துடைத்து விட்டது மாதிரி இருந்தது. பால்ஸ் ரேடியோவின் கம்பியைச் சன்னலுக்கு வெளியே இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். சபை முழுவதையும் ஒலிபரப்புவார்கள். போய் வா என்றுகூடச் சொல்லவில்லை. அவள் தொப்பியை மட்டும் நேராக்கி விட்டான். சாலோமே விடியும்போதே நடந்து இறங்கி, ரோசினாவோடு ரயிலேறிக் கிளாருஸுக்குப் போனாள்.

வளையம் நிரம்பி வழிந்தது. நடுவில் மேடை, மேடையடியில் வழக்கம்போலக் குழந்தைகள் கூட்டம், சுற்றி மரப்படிகளில் அடுக்கடுக்காக ஜனம். வாத்திய கோஷ்டி முன்னால் வர, கறுப்புக் கோட்டில் மந்திரிமார் வந்தார்கள். எல்லோரும் மூன்று விரலை உயர்த்திச் சத்தியம் செய்தார்கள். அப்புறம் வரி வந்தது, ஆஸ்பத்திரி வந்தது, பாலம் வந்தது. வரி பற்றிப் பேச ஏறிய ஒருவர் ஓநாய்களைப் பற்றியே பேசி இறங்கினார். வெயில் ஏறியது. பக்கத்துத் தெருவில் கன்றிறைச்சித் தொத்திறைச்சி வேகும் வாசனை வளையத்துக்குள் நுழைந்தபோது, சனங்களின் முகத்தில் ஒரு அவசரம் தெரிந்தது. சாலோமேயின் கோரிக்கை சரியாக அந்த நேரத்தில் வந்து சேர்ந்தது.

சபைத் தலைவர், மாநிலத்தின் தலைவரும் அவர்தான், கோரிக்கையை வாசித்தார். நிராகரிக்கலாம் என்ற சிபாரிசையும் வாசித்தார். பேச விரும்புகிறவர் உண்டா என்று கேட்டார்.

சாலோமேயின் கால் எழவில்லை. நகரு என்று அவள் கட்டளை போடுகிறாள், கால் கேட்கவில்லை. ரோசினா இடுப்பில் கிள்ளினாள். தலைவர் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். ஆயிரக்கணக்கான வயிறுகள் பேசாமல் இருந்தன. இன்னும் ஒரு மூச்சு விட்டால் விஷயம் முடிந்தது. பால்ஸுக்குப் பஸ் நிறுத்தம்தான். தலைவர் அந்த மூச்சை இழுத்தும் விட்டார்.

அப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு மேடைக்கு வந்தார். மெல்கியோர் ஸ்ட்ரைஃப். துணி ஆலையில் கணக்கு மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ரூட்டியில் ரோப் கொட்டகைக்கு அடுத்த வீடு அவருடையது. கோரிக்கையை எதிர்த்துப் பேச வந்தார். அவர் வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் அவர் கட்சி அந்த நிமிடமே ஜெயித்திருக்கும். இது அவருக்கும் தெரியும். ஆனால் மனுஷர் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயாரித்திருந்தார். அதைப் பேசாமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக அவருக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரில் ஜெயிப்பதைவிட, ஏன் ஜெயிக்க வேண்டும் என்று விளக்குவது முக்கியம்.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது. முதலில் செலவைச் சொன்னார். பிறகு தன் சன்னலைப் பற்றிச் சொன்னார். அந்தச் சன்னலில் உட்கார்ந்து முப்பது வருடமாகக் கொட்டகை டெலிபோனில் பேசுவதைக் கேட்டு வருகிறாராம்.

“ஹோர்னெக்லதான் சீஸ் செய்றாங்க, ஊர்க்காரங்களே. சீஸ் மேலேர்ந்து கீழ வரணும். இங்க என்னடான்னா, போன வருஷம் வரைக்கும் வாரா வாரம் சீஸ் கீழேர்ந்து மேல போச்சு. அதுவும் தொப்பி போட்டுக்கிட்டுப் போச்சு. போன கோடையில ஒரு சீஸ் என்னைப் பாத்து வணக்கம் சொல்லுச்சு.”

வளையம் குலுங்கியது. குழந்தைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். ஸ்ட்ரைஃப் மட்டும் சிரிக்கவில்லை. சட்டத்தை இத்தனை வருடம் ஏமாற்றியவர்களுக்கு மாநிலம் பரிசு கொடுத்தால், நாளைக்கு மற்ற மலையெல்லாம் என்ன செய்யும் என்று கேட்டுவிட்டு இறங்கினார். அது நியாயமான கேள்வி. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பலர் தலையாட்டினார்கள்.

சாலோமேக்கு அந்தத் தலையாட்டல் சுருக்கென்று தைத்தது. இவ்வளவு நேரம் நகராத கால் இப்போது அவளைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. எப்படிப் படியிறங்கினாள், எப்படி மேடை ஏறினாள் என்று அவளுக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. மைக் முன்னால் நின்று ரோசினாவின் தாளைப் பிரித்தாள்.

“பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அன்பார்ந்த நாட்டு மக்களே, மலைவாழ் குடியிருப்புகளின் போக்குவரத்து உட்... உட்கட்டு...”

மேடையடியில் ஒரு சிறுமி களுக்கென்று சிரித்தாள். சாலோமே அவளைப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தாளை மடித்து அட்டையோடு சேர்த்துக் கையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் ரொட்டிக்கடையில் பேசுகிற மாதிரி பேச ஆரம்பித்தாள்.

“ஸ்ட்ரைஃப் ஐயா சொன்னது அத்தனையும் நெசம். அந்த சீஸ் நாந்தான். வணக்கம் சொன்னதும் நாந்தான். வழியில பாத்துட்டு சொல்லாமப் போனா மரியாதையா இருக்காதேன்னு சொன்னேன். கல்யாணத்தன்னைக்கு மொத மொதல்ல சீஸா போனேன். என் வீட்டுக்காரருக்கு அப்ப எல்லார் முன்னாடியும் பெண்டாட்டின்னு சொல்ல வெக்கம். இப்பவும் வெக்கந்தான். ஆனா நான் மட்டும் போகல. இங்க நிக்கிறவங்கள்ல யாரெல்லாம் சீஸா மேல வந்திருக்கீங்களோ, கொஞ்சம் அட்டைய தூக்குங்க.”

முதலில் மருத்துவச்சியின் அட்டை எழுந்தது. பெரிய குழல்காரர் எழுப்பினார். நியாயமாக இரண்டு அட்டை தூக்க வேண்டியவர். மாட்டு வைத்தியர் தூக்கினார், பாதிரியார் தூக்கினார். அந்தப் பாதிரியாரைப் பார்த்து ரூட்டிப் போலீஸ்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டே தூக்கினார். இங்கே ஒன்று, அங்கே ஐந்து, அப்புறம் படி படியாக எழுந்தது. ஸ்ட்ரைஃப் தன் இடத்துக்குத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்திலேயே அவர் மனைவியின் கை நிதானமாக உயர்ந்தது. அவர் திரும்பி மனைவியைப் பார்த்த பார்வையைக் கண்டு அந்தப் பக்கம் முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மந்திரிகளில் ஒருவர் தன் சப்பாத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். “ஊர்க்காரங்களே, அட்டைய இறக்குங்க. இங்க கை தூக்கச் சொல்ற உரிமை எனக்கு மட்டுந்தான். சீஸ் பத்தி இன்னைக்கு வாக்கெடுப்பு இல்ல.” மீசைக்குக் கீழே அவர் உதடு அடங்க மறுத்தது. “குண்டெர்ட் அம்மா, சீக்கிரம் முடிங்க.”

“முடிச்சிடறேன், தலைவரே,” என்றாள் அவள். குரல் தானாகவே இறங்கியது. “நாங்க சட்டத்த ஏமாத்தினோம். தப்புதான். இனிமே ஏமாத்த இஷ்டம் இல்லாமத்தான் இங்க வந்து கேக்கறேன். மேல என் வீட்டுக்காரர் இருக்காரு. இடுப்பு போயிடுச்சு. இப்ப ரேடியோவுக்குப் பக்கத்துல உக்காந்திருப்பாரு. நீங்க வேணாம்னு சொன்னா நாங்க கீழ வந்துடறோம். சண்டை போட மாட்டோம். ஆனா மேல போறது ஆளுன்னு நெனச்சு சொல்லுங்க. சீஸுன்னு நெனச்சு சொல்லிடாதீங்க.”

அவ்வளவுதான் பேசினாள். நன்றி சொல்ல மறந்து திரும்பினாள். மேடைப் படியில் மூன்றாவது படி வரை இறங்கினாள், அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். குழந்தைகள் நகர்ந்து அவள் காலுக்கு இடம் விட்டார்கள்.

தலைவர் வாக்குக் கேட்டார். முதலில் கோரிக்கைக்கு ஆதரவானவர்கள். எங்கள் சபையில் எண்ணுகிற வழக்கமே இல்லை. தலைவர் மேடையிலிருந்து கண்ணால் அளப்பார். அவர் சொன்னது சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது. சாலோமே உட்கார்ந்திருந்த படியிலிருந்து பார்த்தால் அவர் பார்க்கிறதெல்லாம் தெரிந்தது. அட்டைகள் எழுந்தன, எழுந்துகொண்டே இருந்தன. பிறந்ததிலிருந்து பார்த்த சனங்கள் இப்படி மொத்தமாக முகம் காட்டி நின்று அவள் பார்த்ததில்லை. மூச்சு முட்டியதால் கையிலிருந்ததை விசிறிக்கொண்டே, வடக்குப் படி கூடுதலா, தெற்குப் படி கூடுதலா என்று தலைவரோடு சேர்ந்து அவளும் அளந்தாள். அப்புறம் எதிரானவர்கள் தூக்கினார்கள். அதுவும் கிட்டத்தட்ட அவ்வளவே இருந்தது.

தலைவருக்குத் தெளியவில்லை. மறுபடியும் தூக்கச் சொன்னார். இந்தத் தடவை மந்திரிகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவர்கள் குசுகுசுவென்று பேசினார்கள். ஒருவர் தலையாட்டினார், ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். தொத்திறைச்சியை எல்லோரும் மறந்துவிட்டார்கள். சாலோமே விசிறுவதை நிறுத்தவில்லை.

“கூடுதல் கைகள்,” என்றார் தலைவர், “கோரிக்கைக்கு ஆதரவாக. அடுத்த விஷயம்.”

அடுத்த விஷயம் என்ன என்று அன்று வளையத்தில் நின்ற பாதிப் பேருக்குத் தெரியாது. சாலோமேக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. அடக்க அடக்கப் பெரிதானது. ஒவ்வொரு விக்கலுக்கும் மேடையடிக் குழந்தைகள் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தார்கள். ரோசினா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து, நாற்பது வருடம் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்த அதே ரோசினா, அவளைக் கட்டிக்கொண்டு சபை நடக்கும்போதே ஒரு சுற்று ஆடினாள். காவலர் வந்து இருவரையும் மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டார்.

வெளியே தொத்திறைச்சிக் கடையில் அவளைத் தட்டில் கை வைக்க விடவில்லை. சபை கலைந்ததும் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாம் வந்து கையைக் குலுக்கினார்கள். அவரவர் எந்த வருடம் எந்த வகைச் சீஸாக மேலே போனார்கள் என்று அவள் காதில் சொல்லிவிட்டுப் போனார்கள். இனிமேல் சொன்னால் குற்றமில்லை என்று எல்லோரும் தாங்களாகவே தீர்மானித்துக்கொண்டார்கள். உருளைக்கிழங்கு மசியல் ஆறியது. ஸ்ட்ரைஃப் ஐயாவும் மனைவியோடு வந்தார். தான் எதிர்த்துத்தான் தூக்கியதாகச் சொன்னார். தெரியும் என்றாள் சாலோமே. புது வடம் போட்டால் சத்தம் குறையுமா என்று கேட்டார். குறையும் என்று சொன்னதும் கையை நீட்டினார். நீங்கள் மட்டும் பேசாமல் இருந்திருந்தால் என்று ரோசினா ஆரம்பித்தாள். அவர் மனைவி அவளைக் கண்ணால் அடக்கினாள். மனுஷர் அன்று பட்டது போதும்.

வெயில் மலைக்கு அந்தப் பக்கம் சாயும் நேரத்தில் சாலோமே ரூட்டிக் கொட்டகைக்கு வந்தாள். டெலிபோனைச் சுற்றினாள். முதல் மணியிலேயே பால்ஸ் எடுத்தான்.

“கேட்டேன்,” என்றான்.

“எதுவரைக்கும் கேட்ட?”

“விக்கல் வரைக்கும்.” தொண்டையைக் கனைத்துக்கொண்டான். “வெக்கம்னு சொன்னியே, அதையும் கேட்டேன். மாநிலமே கேட்டிருக்கும்.”

“கேக்கட்டும்.”

புது வடம் வந்து முடிய அடுத்த வருடம் ஆகிவிடும், அதுவரை நீ மேலேயே கிடக்க வேண்டியதுதான் என்றாள். தனக்கென்ன, சௌகரியம்தான், கீழே ஒரு வேலையும் இல்லை என்றான் பால்ஸ். அன்றைக்கு அவன் சாதாரணமாக ஒரு மாதத்தில் பேசுவதைவிட அதிகம் பேசிவிட்டான். இன்னும் வைக்கவில்லை.

“ரொம்பக் கிட்டத்துல வந்துட்டுதுல்ல?” என்றான். “ரெண்டு தடவை தூக்க வெச்சாங்களே. ரேடியோக்காரனும் ஒரு கை ரெண்டு கைதான் வித்தியாசம் இருக்கும்னான். நான் நெனச்சுக்கிட்டேன், அந்த ஒரு கை உன் கைதான்னு.”

சாலோமே பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் அவள் மண்டையில் உறைத்தது. அந்தப் படி, அந்த விசிறல், தலைவரோடு சேர்ந்து வடக்கும் தெற்கும் அளந்தது. கையிலிருந்ததைப் பிரித்துப் பார்த்தாள். ரோசினாவின் தாளுக்குள் அட்டை வியர்வையில் வளைந்து போயிருந்தது.

“பால்ஸ்,” என்றாள். “நான் தூக்கவே இல்ல.”

“என்னது?”

“அட்டைய. வேடிக்கை பாத்துக்கிட்டே இருந்துட்டேன். ரெண்டு தடவையும்.”

கோபித்துக்கொள்வானோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. பிறகு கம்பி வழியாகக் கரகரவென்று ஒரு சத்தம் இறங்கி வந்தது. மோட்டார் ஓடுகிறதோ என்று பார்த்தாள், மோட்டார் இல்லை. பால்ஸ் சிரித்துக்கொண்டிருந்தான்.

“என் அட்டை அலமாரில கெடக்கு,” என்றான் மூச்சு வாங்கிக்கொண்டே. “உன்னோடது விசிறியாயிடுச்சு. நம்ம வீட்டுலேர்ந்து ஒரு ஓட்டுகூட விழலையே, சாலோமே. அப்ப நம்மள மேல இருக்கச் சொன்னது யாரு?”

கொட்டகைக்கு வெளியே ரயிலிலிருந்து இறங்கிய ஜனம் வீடு திரும்பிக்கொண்டிருந்தது. பாதிப் பேரை அவளுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்; அவர் ஆதரவாகத் தூக்கினாரோ, எதிராகத் தூக்கினாரோ. சாலோமே அவருக்குப் பதிலுக்குக் கையை அசைத்தாள்.

“தெரியலயே. இவங்கதான்,” என்றாள்.

“சரி, மேல வா. சூப் ஆறுது.”

டெலிபோனை வைத்தாள். காலிப் பெட்டி பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பாதையில் ஏற ஆரம்பித்தாள். சிரிப்பு வந்து வந்து ஒவ்வொரு வளைவிலும் நிற்க வேண்டியிருந்ததால், அன்று வீட்டுக்குப் போய்ச் சேர வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது.